மலை மாட்டுக்காக யார் பேச வேண்டும்?

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ யாரிடமாவது, "நான் தேவாரம் பக்கம், எங்க ஊர்ல மலை மாடு உண்டு" என்று சொன்னால் இப்போதெல்லாம் ஒரே கேள்விதான் வருகிறது. "சீமான் காட்டுக்குள்ள ஓட்டிட்டுப் போனாரே, அந்த மாடா?"

ஆமாம், அந்த மாடுதான். 2025 ஆகஸ்ட் 3ஆம் தேதி தேனி மாவட்டம் போடி பக்கம் அடவுப்பாறையில் நாம் தமிழர் கட்சி நடத்திய மாடு மேய்க்கும் போராட்டத்தில், வனத்துறையும் போலீசும் தடுத்து நின்றதைத் தாண்டி கட்சித் தலைவர் சீமான் மலையை நோக்கி ஓட்டியது எங்கள் பகுதி மாடுகளைத்தான். அதற்கு முன்னால் மலை மாடு என்றால் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள், ஆனால் அவர் பெயரைச் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். இது நல்லதா கெட்டதா என்று ரொம்ப நாளாக மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மாட்டைப் பற்றி. தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை என்று வரிசையாக இருக்கும் எங்கள் ஊர்களுக்கு மேற்கே வீட்டுக் கொல்லையிலிருந்து பார்த்தாலே மலை தெரியும். அந்தப் பக்கம் இறங்கினால் கேரளத்து ஏலத்தோட்டங்கள். மலை மாடு இந்தச் சரிவில் ஏறி இறங்கிப் பழகிய மாடு. உருவம் சிறிது, குளம்பு உறுதி. புண்ணாக்கு, தவிடு எதுவும் எதிர்பார்க்காது. பாலுக்காக யாரும் இதை வளர்ப்பதில்லை, கன்று குடிப்பதோடு சரி. ஒரு பட்டியில் நூறு உருப்படி நின்றாலும் வீட்டுக்கு ஒரு சொம்பு பால் வராது. அப்புறம் எதற்கு வளர்க்கிறார்கள்? சாணத்துக்காக. மழைக்காலத்தில் மலை, அறுப்பு முடிந்ததும் வயல். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயல்களில் ராத்திரி கிடை போட்டால், வயல்காரர் மாட்டுக்காரருக்குக் கூலி கொடுப்பார். திராட்சைக்கும் தென்னைக்கும் மலையில் உள்ள ஏலத்துக்கும் இந்தச் சாணம்தான் போகிறது. கன்றுகளில் துடியானது ஜல்லிக்கட்டுக் காளையாக அய்யம்பட்டிக்கும் பல்லவராயன்பட்டிக்கும் போகும்.

மாட்டுக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில், ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையோரம் புலிமான்கோம்பை என்று ஓர் ஊர். 2006இல் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தமிழ் பிராமி எழுத்து பொறித்த நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் ஒன்று ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில் இறந்தவனுக்காக நட்டது. மாட்டுக்காகச் செத்தவர்களைக் கல் நட்டுக் கும்பிட்ட ஊர் இது. இன்றைக்கும் மாட்டுப் பொங்கல் அன்று கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழுவத்தில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இப்போது சிக்கல். 2021 பிப்ரவரியில் மேகமலை சரணாலயத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தையும் சேர்த்து ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ள புலிகள் காப்பகம் அறிவித்தார்கள். வைகை பிறக்கும் காடு அது. அதைக் காப்பாற்றினால்தான் நமக்குத் தண்ணீர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகத்துக் காடுகள் எதிலுமே கால்நடை மேய்க்கக் கூடாது என்று உத்தரவிட்டது. சில நாட்களிலேயே அதைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் இவற்றுக்கு மட்டும் தடை என்று சொன்னது. தாளில் அப்படி. ஆனால் எங்கள் மாட்டுக்காரர்களைக் கேட்டால், தடை இல்லாத காட்டுக்கும் மேய்ச்சல் சீட்டு கிடைப்பது பெரும்பாடாக இருக்கிறது என்கிறார்கள். பட்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன. விற்றுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

இந்த நிலையில்தான் சீமான் வந்தார். 2025 ஜூலை 10ஆம் தேதி மதுரை பக்கம் விராதனூரில் ஆடு மாடுகள் மாநாடு நடத்தி, மேடைக்கு எதிரே கால்நடைகளை நிறுத்தி அவற்றைப் பார்த்துப் பேசினார். அடுத்த மாதமே அடவுப்பாறை. அவருக்கு உரிய மரியாதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மேய்ச்சல் நிலம் என்ற ஒன்றை அரசியல் மேடையில் பேசுபொருளாக்க வேறு யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் தொகுதியில் ஓட்டுக் கேட்டு வந்த பெரிய கட்சிக்காரர்கள் யாரும் பட்டி பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. சினிமா இயக்குநராக இருந்து வந்தவர், காட்சி எப்படி மனதில் நிற்கும் என்று தெரிந்தவர். மாட்டோடு மாடாக மலைக்கு நடந்த அந்தக் காட்சி நின்றுவிட்டது. மாட்டுக்காரர்களுக்கு அன்றைக்கு ஒரு தெம்பு வந்தது உண்மை. "நம்மளையும் ஒருத்தர் மனுசனா மதிச்சு வந்தாருல்ல தம்பி" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அதற்கு அப்புறம் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். தொலைக்காட்சி விவாதங்களில் மாடு காணாமல் போனது. சீமான் செய்தது சரியா, தப்பா, வழக்குப் போடலாமா, தேர்தலுக்காகவா என்பதே பேச்சு. ஜூனில் பனையேறிக் கள் இறக்கினார், ஜூலையில் மாடு, ஆகஸ்ட் கடைசியில் திருத்தணி பக்கம் மரங்களின் மாநாடு. ஒவ்வொன்றும் முக்கியமான விஷயம்தான். ஆனால் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சேர்ந்து ஒருவருடைய பயணமாகத் தெரிந்தது. அவரைப் பிடிக்காதவர்களுக்கு மாட்டையும் பிடிக்காமல் போனது. மேய்ச்சல் பற்றி எந்தக் கருத்தும் இல்லாமல் இருந்த நண்பர்கள்கூட அந்த வாரத்தில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார்கள். சாய்ந்தது மாட்டைப் பார்த்து இல்லை.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது அமெரிக்காவில் வில் வேட்டைக்காரர்கள் தங்களுக்குள் பல வருஷமாக, ஒரு பிரபலம் முகமாவது நல்லதா கெட்டதா என்ற இதே கேள்வியைப் போட்டுக் குழப்பிக்கொள்வதைப் படித்தேன். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், அது அப்படியே இருக்கட்டும். வேட்டை நாய்க்குப் பேர் போன கோம்பைக்குப் பக்கத்து ஊர்க்காரன் என்பதால் அந்தப் பேச்சில் எனக்கு ஒரு ஒட்டுதல், அவ்வளவுதான். அங்கே மான் வேட்டைக்கு உரிமம் உண்டு, பருவம் உண்டு, ஆளுக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. வில்லுக்கெனத் தனிப் பருவமே உண்டு. வேட்டையாடுபவர்கள் மொத்த மக்கள்தொகையில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இருப்பார்களா என்பது சந்தேகம். மீதித் தொண்ணூற்றைந்து பேர் பொறுத்துக்கொள்வதால்தான் அந்தப் பழக்கம் நீடிக்கிறது. அவர்கள் முகம் சுளித்தால் முடிந்தது. கலிபோர்னியாவில் 1990இல் மக்கள் ஓட்டுப் போட்டே மலைச் சிங்க வேட்டையைத் தடை செய்துவிட்டார்கள்.

அங்கே வில் வேட்டையின் மிகப் பிரபலமான முகம் டெட் நுஜென்ட். டெட்ராய்ட்டிலிருந்து வந்த ராக் கிதார் கலைஞர். எழுபதுகளில் அரங்கங்களை அதிர வைத்தவர். தொலைக்காட்சியில் சொந்தமாக வேட்டை நிகழ்ச்சி, பிள்ளைகளுக்கு வில் கற்றுக்கொடுக்கும் முகாம் எல்லாம் நடத்தினார். அவரைப் பார்த்து வில்லைக் கையில் எடுத்தவர்கள் ஏராளம், அதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் அவர் வாய் நிற்காது. துப்பாக்கி, அரசியல், ஜனாதிபதி என்று எதைப் பற்றியும் கடுமையாகப் பேசுவார். 2012 ஏப்ரலில், ஒபாமா மறுபடி ஜெயித்தால் நான் அடுத்த வருஷம் செத்திருப்பேன் அல்லது சிறையில் இருப்பேன் என்கிற மாதிரி ஒரு மாநாட்டில் பேசி, ஜனாதிபதியின் பாதுகாப்புப் படையே வந்து விசாரிக்கும் அளவுக்குப் போனது. அதே மாதம் அலாஸ்காவில் கருங்கரடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்தாயிரம் டாலர் அபராதம் ஒத்துக்கொண்டார். விஷயம் இதுதான்: தன் நிகழ்ச்சிக்காகப் படமெடுத்த வேட்டையில் அவருடைய அம்பு ஒரு கரடியைக் காயப்படுத்தியது, அது தப்பிப் போனது. சில நாள் கழித்து இன்னொன்றைக் கொன்றார். அந்தப் பகுதிச் சட்டப்படி காயப்பட்ட கரடியும் கணக்கில் சேரும், ஆகவே இரண்டாவது சட்ட விரோதம். எனக்கு அந்த விதி தெரியாது என்றார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு கலிபோர்னியாவில் இரை போட்டு மானை வரவழைத்த வழக்கிலும் அபராதம் கட்டியிருந்தார்.

வேட்டை தெரியாத தொண்ணூற்றைந்து பேரின் பார்வையில் இதை வைத்துப் பாருங்கள். விதி என்ன என்று பார்த்துப் பார்த்து, குளிரில் மரத்தின் மேல் விடிய விடிய உட்கார்ந்து, அம்பு சரியான இடத்தில் படாது என்றால் விடாமலே இறங்கி வரும் ஆயிரக்கணக்கானவர்கள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. கத்துகிற ஒருவர்தான் படுகிறார்.

அந்தப் பழக்கத்துக்கே இன்னொரு முகமும் இருந்தது. ஃப்ரெட் பேர். 1902இல் பிறந்தவர், டெட்ராய்ட்டின் கார்த் தொழிலில் வேலை பார்த்தவர். ஆர்ட் யங் என்ற வில்லாளியின் அலாஸ்காப் படத்தைப் பார்த்து வில்மேல் ஆசை வந்து, 1933இல் சொந்தமாக வில் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். அவரும் பிரபலம்தான். அவரும் தன் வேட்டைகளைப் படமெடுத்து ஊர் ஊராகக் காட்டினார். வேறுபாடு எங்கே என்றால், அவர் காட்டியது வில்லை, காட்டை, காத்திருப்பை. தன் கோபத்தை இல்லை. வில் வேட்டைக்கெனத் தனிப் பருவம் கேட்டு மாநிலங்களிடம் போராடிய காலத்தில் வில்லாளிகளை எதிர்த்தவர்களில் துப்பாக்கி வேட்டைக்காரர்களும் இருந்தார்கள். அம்பு விலங்கைக் காயப்படுத்தி ஓடவிடும், கொடுமை என்று சொன்னார்கள். அந்தக் குற்றச்சாட்டை வில்லாளிகள் வெறும் பேச்சால் எதிர்க்கவில்லை. தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். 1961இல் போப் அண்ட் யங் கிளப் என்று ஒன்றை உருவாக்கி, விலங்குக்குத் தப்பிக்க வாய்ப்பு இருந்தால்தான் அது வேட்டை, இல்லாவிட்டால் பதிவேட்டில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். எங்களிடமும் தவறு செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நாங்களே ஒதுக்குகிறோம் என்று ஊருக்கு முன்னால் சொல்லும் தைரியம் அது.

எனக்கு இதில்தான் வெளிச்சம் கிடைத்தது. குரல் பெரிதா சிறிதா, சினிமாவா அரசியலா என்பதெல்லாம் அடுத்த விஷயம். தன் தரப்பின் குறையைப் பொதுவில் ஒப்புக்கொள்ள முடிகிறவரா என்பதே என் அளவுகோல். வாய் ஓயாத பிரபலத்தால் அது முடியாது. அவர் ஓர் அடி பின்வாங்கினால் அவரை நம்பி வந்த கூட்டம் அதைத் தோல்வி என்று நினைக்கும். அதனால் அவர் எப்போதும் முழுதாகச் சரியாக இருந்தாக வேண்டும்.

எங்கள் விஷயத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியது இருக்கிறது. கோடையில் புது முளைப் புல் வரட்டும் என்று மேட்டுப் புல்லுக்குத் தீ வைத்தவர்கள் மாட்டுக்காரர்களிலும் உண்டு. அந்தத் தீ சோலை வரைக்கும் ஏறிப் போனதும் உண்டு. மாட்டின் கோமாரி நோய் காட்டுமாட்டுக்குத் தொற்றும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது கட்டுக்கதை இல்லை. மலையில் உள்ள மாடு எல்லாமே மலை மாடும் இல்லை. வெளியூர் வியாபாரிகள் கொண்டுவந்து விடும் மாடுகளும் அதில் கலந்திருக்கின்றன. இதையெல்லாம் மறைத்துவிட்டு "நாங்கள் மண்ணின் மைந்தர்கள், காடு எங்களுடையது" என்று மட்டும் சொன்னால், வனத்துறை அதிகாரி தன் கோப்பில் உள்ள தீ விபத்துப் பட்டியலை எடுத்து வைப்பார். பேச்சு அதோடு நின்றுவிடும். அதற்குப் பதிலாக, "ஆமாய்யா, தீ வச்சவங்க இருக்காங்க, இந்தச் சரிவுக்கு நாங்க பொறுப்பு, தடுப்பூசி போட்ட மாடு மட்டும்தான் ஏறும், வெளி மாட்டை நாங்களே இறக்கிவிடுறோம்" என்று ஒரு மாட்டுக்காரர் சொன்னால் அவருக்கு என்ன பதில் சொல்வது என்று அதிகாரி யோசித்தே ஆக வேண்டும்.

"அப்படியென்றால் ஜல்லிக்கட்டு? 2017இல் பிரபலங்கள் இல்லாமலா ஜெயித்தோம்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதை நான் நேர்மாறாகப் பார்க்கிறேன். 2014 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தடை விதித்த நாளிலிருந்து எத்தனையோ பிரபலங்கள் பேசினார்கள். ஹிப்ஹாப் தமிழா ஆதியின் பாட்டு இளைஞர்களிடம் தீயாகப் பரவியது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் 2017 ஜனவரியில் மெரினாவில் உட்கார்ந்த பிள்ளைகள் எடுத்த மிகப் புத்திசாலித்தனமான முடிவு, அரசியல்வாதிகளுக்கு மைக் தராததும், நடிகர்கள் வந்தால் கேமரா அவர்கள் பக்கம் போய்விடும் என்று முன்கூட்டியே பயந்ததும்தான். நடிகர் சங்கம் ஜனவரி 20ஆம் தேதி தன் வளாகத்தில் தனியாக உண்ணாவிரதம் இருந்தது. ராகவா லாரன்ஸ் போன்றவர்கள் கடற்கரையில் இருந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்கு உதவினார்கள். மறுநாளே அவசரச் சட்டம் வந்தது. 2023 மே 18ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு தமிழகச் சட்டம் செல்லும் என்றது. அந்தப் போராட்டத்துக்கு ஒரே முகம் என்று யாரையும் சொல்ல முடியாது. அதனால்தான் ஒருவரைப் பிடிக்காதவர் காளையையும் வெறுக்க வேண்டிய நிலை வரவில்லை.

மெரினாக் கூட்டத்துக்கு முன்னாலேயே, பல வருஷம் சத்தமில்லாமல் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். காங்கயம் மாட்டுக்காக ஓர் ஆராய்ச்சி அறக்கட்டளை வைத்து நடத்திய கார்த்திகேய சிவசேனாபதி, நாட்டு மாடு ஏன் குறைகிறது, பொலிகாளை இல்லாமல் இனம் எப்படி அழியும் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். பின்னாளில் அவரும் கட்சி அரசியலுக்குப் போனார், அது வேறு கதை. தடை வந்து ஊரே கோபப்பட்டபோது, அந்தக் கோபத்துக்குக் கையில் எடுத்துக்கொள்ள விவரம் தயாராக இருந்தது. மலை மாட்டுக்கு அந்த விவரக்காரர் இன்னும் வரவில்லை. கோபம் முதலில் வந்துவிட்டது.

ஆகவே சீமானோ, நாளைக்கு வரப்போகும் இன்னொரு நடிகரோ, எங்கள் மலைக்கு வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாருங்கள். ஆனால் மேடையில் ஏறி மாட்டுக்காரரைப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள், அவரை முன்னால் நிறுத்துங்கள். அவர் திக்கித் திணறித்தான் பேசுவார், பேசட்டும். கேமராவை அவர் மேல் வையுங்கள். தடுப்பைத் தாண்டி ஓட்டிய அன்றைக்குப் போட்ட வழக்கை எதிர்கொள்ள உங்களுக்கு வக்கீல் இருக்கிறார். மறுநாள் அதே பாதையில் தனியாக மாட்டை ஓட்டிப் போகிறவருக்கு யாரும் இல்லை.

உண்மையில் போராட வேண்டிய இடம் ஒன்று திறந்தே கிடக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமையாகவே ஏற்கிறது, பிரிவு 3(1)(ஈ) என்று தமிழில் போட்டிருப்பார்கள். பழங்குடி அல்லாதவர்களும் கேட்கலாம். மூன்று தலைமுறையாக, அதாவது 2005 டிசம்பர் 13க்கு முன் எழுபத்தைந்து வருஷமாக அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். சமூக உரிமைக்கு 'ஆ' படிவம். கிராம சபை தீர்மானம் போட்டு அனுப்பினால் கோட்ட அளவிலான குழு, அப்புறம் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு. இந்தப் பாதையில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு முட்டுக்கட்டை உண்டு. தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை மூன்றுமே பேரூராட்சிகள். ஊராட்சிகளில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று கிராம சபை கூடுகிறது. எங்களுக்குக் கிராம சபை இல்லை. அப்படியென்றால் எங்கள் மாட்டுக்காரர்களின் மனுவை யார் கூடி எடுப்பது? அடவுப்பாறையில் அவ்வளவு மைக் இருந்தும் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. இதை உத்தமபாளையம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்பதற்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊர்க்காரர்கள் சிலர் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார்கள்.

அதற்கு முக்கியமாகத் தேவைப்படுவது பழைய காகிதம். தாத்தா காலத்தில் வனத்துறைக்குப் பணம் கட்டி வாங்கிய மேய்ச்சல் ரசீது, பட்டி இருந்த இடம் பற்றிய குறிப்பு, கிடைக்கூலி எழுதிய கணக்கு நோட்டு, எதுவாக இருந்தாலும் சரி. தேவாரம் முதல் கம்பம் வரை யார் வீட்டுப் பரணிலாவது, தகரப் பெட்டியிலாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும். எந்தச் சரிவில், எந்த ஓடைக்கரையில் மேய்த்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருந்தால், அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி அதையும் சேர்த்து அனுப்புங்கள். பெரியவர்களின் வாக்குமூலத்தையும் சாட்சியாக ஏற்க அந்தச் சட்டத்தின் விதிகளில் இடமிருக்கிறது.